எங்கே உட்கார்ந்தால் படிப்பு ஏறும்? வீடு, நூலகம், ஸ்டடி ஹால், ரயில்: ஓர் ஒப்பீடு

"வீட்டில் உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூட நகர மாட்டேன் என்கிறது. பணம் கட்டி ஸ்டடி ஹாலில் சேரலாமா, ஊர் நூலகமே போதுமா?" தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமிருந்து என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்களில் குரூப் 4, ஆசிரியர் தகுதித் தேர்வு என்று தயாராகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலையில் இருந்துகொண்டே படிக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். வங்கியில் பதவி உயர்வுத் தேர்வு எழுதுபவர், சுற்றறிக்கையும் தணிக்கை அறிக்கையும் புரட்டியே ஆக வேண்டிய கூட்டுறவுச் சங்க ஊழியர், தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சேர்ந்த ஆசிரியை என்று பலவிதம்.

அநேகமாக எல்லோருமே கேள்வியோடு ஒரு குற்ற உணர்ச்சியையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். "எனக்குக் கவனம் போதாது" என்கிறார்கள். கொஞ்சம் விசாரித்தால், நடுக்கூடத்தில் டிவிக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பது தெரியவரும். கவனக் குறை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இடத்தின் குறை என்பது என் உறுதியான கருத்து. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அமைதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அங்கே உட்கார்ந்திருக்கும்போது நம்மை யார், எது எழுப்பிக்கொண்டு போக முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

மறுக்க முடியாத அழைப்பு. பாபநாசம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், அம்மா கூப்பிட்டால் படித்த வரியில் விரலை வைத்தபடியே "இதோ வர்றேன்" என்பாள். எழுந்து போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்ததும் அந்த விரல் அதே வரிக்குப் போகாது. பக்கத்தின் தலைப்பில் போய் நிற்கும். பால் இறக்க ஆனது இரண்டு நிமிடம், போனது ஒரு முழுப் பக்கம். ஒரு வேலையிலிருந்து பாதியில் இன்னொன்றுக்குத் தாவும்போது மனசின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். கவன மிச்சம் என்று அதற்குப் பெயரும் வைத்தார். வீட்டில் படிக்கும் பெண்களுக்கு ஆய்வு இல்லாமலே இது தெரியும். ஆகவே ஓர் இடத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதைவிட, ஒரே மூச்சாக எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பது முக்கியம்.

காதில் விழும் பேச்சு. எல்லாச் சத்தமும் ஒன்று இல்லை. 1982-இல் சலாமே, பேட்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கண்ணால் பார்த்து நினைவில் வைக்க வேண்டியதைப் பின்னணியில் கேட்கும் பேச்சு கெடுத்தது. பேச்சாக இல்லாத வெறும் இரைச்சல் அந்த அளவுக்குக் கெடுக்கவில்லை. நடைமுறையில் இதன் பொருள்: தடதடக்கும் மின்விசிறியோ, வயலில் ஓடும் மோட்டாரோ, மழையோ பெரிய எதிரி கிடையாது. பக்கத்து அறையில் தாழ்ந்த குரலில் நடக்கும் கல்யாணப் பேச்சுதான் எதிரி. பாட்டுக் கேட்டபடி படிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். குரலும் சொல்லும் உள்ள பாட்டைவிட, வாத்திய இசை குறைவாகவே தொந்தரவு செய்யும்.

போன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் வார்டும் குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். போனைச் சத்தமில்லாமல் வைத்து, சிலரை மேஜைமேலும், சிலரைப் பையிலும், சிலரை அடுத்த அறையிலும் வைக்கச் சொன்னார்கள். அடுத்த அறையில் வைத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த சோதனைகள் சிலவற்றில் இந்த வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. அது எப்படியானாலும், எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டிய போனை நாம் குறைவாகத்தான் எடுப்போம்.

உடம்பு. வெக்கை, வெளிச்சம், நாற்காலி, தண்ணீர், கழிவறை. காவிரிக் கரையில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்கினி நட்சத்திரத்தில், மதியம் ஓட்டு வீட்டு மாடியில் உட்கார்ந்து கவனம் வரவில்லை என்று வருந்துவது நியாயமே இல்லை. நாற்பதைத் தொட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: பத்து நிமிடத்தில் எழுத்து மங்கி நெற்றி வலித்தால் முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியால் தீர்வதை மன உறுதியால் தீர்க்கப் பார்க்க வேண்டாம்.

முழுச் செலவு. கட்டணம், பஸ், டீ, போய்வரும் நேரம் எல்லாம் சேர்த்து. இதற்குக் கீழே ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன்.

இவற்றோடு, எந்த மாதிரிப் படிப்பு என்பதையும் பார்க்க வேண்டும். புதிதாக ஒன்றைப் புரிந்துகொள்ளப் படிப்பது வேறு, படித்ததைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது வேறு. முதலாவதற்கு நீளமான, குறுக்கீடு இல்லாத நேரம் வேண்டும். இரண்டாவது துண்டு துண்டான நேரத்திலும் நடக்கும். ஒரே இடத்தில் இரண்டையும் செய்யப் போய்த்தான் பலர் எந்த இடமும் சரியில்லை என்கிறார்கள்.

## வீடு

வீட்டைப் போல மலிவான இடம் இல்லை, எழுந்ததும் உட்கார்ந்துவிடலாம் என்ற வசதியும் வேறெங்கும் இல்லை. கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. தெருவைப் பார்த்த திண்ணையில் சிலேட்டோடு உட்கார்ந்துதான் அவர் கணக்குப் போட்டார். வீட்டில் படிப்பு வராது என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பையனைக் கடைக்குப் போ, குழந்தையைப் பார்த்துக்கொள் என்று எத்தனை பேர் எழுப்பினார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். திண்ணை எல்லா வீட்டுக்கும் இருந்தது. திண்ணையில் தடையில்லாமல் உட்காரும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

வீட்டின் மறைமுகச் செலவு இந்த இடத்தில்தான் ஏறுகிறது. ஆண்பிள்ளை கதவைச் சாத்தினால் "படிக்கிறான், தொந்தரவு பண்ணாதே" என்பார்கள். அதே கதவை மருமகள் சாத்தினால் "உள்ளே என்ன பண்றா?" என்று கேள்வி வரும். பெண்கள் வீட்டில் படிக்கும்போது ஒரு காது எப்போதும் குக்கர் விசிலுக்கும், குழந்தையின் அழுகைக்கும், வாசலில் யார் வந்தார்கள் என்பதற்கும் திறந்தே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று மணி நேரம் புத்தகத்தோடு இருந்ததுபோலத் தெரியும். அவர்கள் தலையில் ஏறியது முக்கால் மணி நேரப் படிப்பாக இருக்கும். "அவ்வளவு நேரம் படிச்சியே, ஏன் மார்க் வரலை?" என்று பிறகு கேட்பதுதான் எனக்குப் பொறுக்க மாட்டேன் என்கிறது.

பருவமும் உண்டு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை நன்றாக அமைந்த வருடம் என்றால், விவசாயக் குடும்பத்தில் நாற்று, நடவு, களை என்று வீடே வயலுக்குப் போய்விடும். தை, மாசியில் சம்பா அறுப்பு. களத்துக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் இருக்க வேண்டும். அந்த வாரங்களில் வீட்டில் படிப்பேன் என்று அட்டவணை போடுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. மார்கழியில் விடியலுக்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி பேசத் தொடங்கிவிடும். ஆடியில் அம்மன் கோயில் திருவிழா வந்தால் பகலிரவு தெரியாது. கோயிலுக்கு ரொம்பப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் இந்த இரண்டு மாதத்துக்கும் தனித் திட்டம் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் நன்றாகப் படிக்கக்கூடிய நேரம் என்று நான் நம்புவது ஒன்றுதான்: விடியற்காலை நாலரை முதல் ஆறரை வரை. போன் வராது, டிவி ஓடாது, வெயில் ஏறியிருக்காது. ஆனால் முந்தைய இரவு பத்து மணிக்காவது படுக்க முடிந்தால்தான் இது சாத்தியம். ராத்திரி பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவி முடிக்கும் ஒருவரிடம் "விடியலில் எழுந்து படி" என்பது அறிவுரை ஆகாது. தூக்கத்தை வெட்டிப் படித்தது தூக்கத்திலேயே போய்விடும். சாயங்காலம் ஆறரை முதல் ஒன்பதரை வரை, சீரியல் ஓடும் வீட்டில், புதுப் பாடம் எடுக்கவே வேண்டாம். அந்த நேரத்தில் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படித்ததை எழுதிப் பாருங்கள்.

வீடு பொருந்துவது: தனி அறை அல்லது கதவு உள்ளவர்களுக்கு, வீட்டார் உங்கள் படிப்பை ஒரு வேலையாக மதிக்கிறார்கள் என்றால், விடியலில் எழ முடிந்தால்.

## பொது நூலகம்

நான் பெரிதும் பரிந்துரைப்பது இதைத்தான். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமையும் உண்டு. இந்தியாவில் நூலக இயலுக்கு அடித்தளம் போட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்த நம் ஊர்க்காரர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக. இன்றும் நீங்கள் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி சேர்கிறது. ஆக, அது இலவச இடம் என்று கூசிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது.

கவனத்துக்கு நூலகம் செய்யும் பெரிய உதவி, அங்கே உங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் என்பது. நூலில் கட்டித் தொங்கும் பேனாவால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போனதும், நீண்ட மேஜையில் எதிரே ஒரு பெரியவர் நாளிதழை விரித்திருப்பார். அவருக்கு நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் தெரியாது, உங்களுக்குப் பரீட்சை எப்போது என்பதும் தெரியாது. இந்த முகம் தெரியாத தன்மை படிப்புக்குப் பெரிய வரம். பக்கத்தில் இன்னொருவர் வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தால், போனை எடுக்க நம் கைக்கே கொஞ்சம் தயக்கம் வரும்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டாம். தஞ்சாவூர், திருச்சி போன்ற இடங்களில் உள்ள மாவட்ட மைய நூலகங்களில் நாள் முழுக்க உட்கார வசதி இருக்கும். சின்ன ஊர்களில் கதை வேறு. கிளை நூலகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊர்ப்புற நூலகங்கள் சில மணி நேரமே திறந்திருக்கும். வாசலில் உள்ள பலகையைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்து, அதற்கேற்ப உங்கள் அட்டவணையைப் போடுங்கள். அட்டவணையைப் போட்டுவிட்டு நூலகத்தைத் திட்டுவதில் பயனில்லை. பெண்கள் நீண்ட நேரம் உட்காரும் முன் கழிவறை எப்படி என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மதியம் தலைவலி வந்தால் கவனம் எங்கே வரும்?

மின்விசிறி எங்கே ஓடுகிறது, எந்த நாற்காலிக்கு ஜன்னல் வெளிச்சம் விழுகிறது என்பதை இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடலாம். நாளிதழ்ப் பகுதிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். அரசியல் பேச்சு அங்கேதான் தொடங்கும், தொடங்கினால் காது அங்கேதான் போகும். போட்டித் தேர்வுப் புத்தகங்கள் தனி அலமாரியில் உள்ள நூலகமாக இருந்தால், அந்தப் பக்கத்து மேஜையில் படிப்பவர்களே அதிகம் இருப்பார்கள். அங்கே இடம் பிடியுங்கள்.

நூலகம் பொருந்துவது: புதுப் பாடத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய எல்லோருக்கும், வீட்டில் கதவில்லாதவர்களுக்கு, அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் நூலகம் இருப்பவர்களுக்கு. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால், அவர்களுக்குப் பஸ் செலவும் மிச்சம்.

## காசு கொடுக்கும் ஸ்டடி ஹால்

திருச்சியிலும் தஞ்சாவூரிலும் இப்போது நிறைய வந்துவிட்டன. தடுப்பு வைத்த மேஜை, மேஜைக்கொரு விளக்கு, ஏசி, வைஃபை, இரவு வரை திறந்திருக்கும் கதவு. பணம் கட்டியாயிற்றே என்ற எண்ணமே சிலரைத் தினமும் எழுப்பிக் கொண்டுபோய்விடும். அது உண்மையான பலன்தான்.

கணக்கைப் போடுவோம். மாதக் கட்டணம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்கு வருபவர் போக வரப் பஸ்ஸுக்கு 50, டீ வடைக்கு 30 என்று செலவழித்தால், 25 நாளுக்கு 2,000 ரூபாய். மொத்தம் 3,000. தினமும் நாலு மணி நேரம் உட்கார்ந்து அதில் மூன்று மணி நேரம் உருப்படியாகப் படித்தால் மாதம் 75 மணி நேரம். மணிக்கு 40 ரூபாய் ஆகிறது. போய்வர நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 50 மணி நேரம் சாலையில் போகிறது. சுவரொட்டியில் கட்டணம் மட்டும்தான் போட்டிருக்கும். உங்கள் ஊர்த் தொகைகளைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்து பாருங்கள். நடந்து போகும் தூரத்தில் இருப்பவருக்கு இது லாபமான பேரமாக இருக்கலாம். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அப்படி இருப்பது அபூர்வம்.

பணத்தில் வராத செலவுகளும் சில இருக்கின்றன. நாலைந்து பேர் ஒன்றாகச் சேர்ந்தால் "ஒரு டீ அடிச்சிட்டு வரலாம்" என்பது முக்கால் மணி நேரம் ஆகும். அடைத்த ஏசி அறையில் முப்பது பேர் உட்கார்ந்தால் காற்று தேங்கி மதியம் கண்ணைச் சொக்கும். பக்கத்து மேஜைக்காரர் எத்தனையாவது முறை படிக்கிறார் என்று பார்த்து மனசு சோர்ந்துபோகும். வெளியூர்ப் பெண்களுக்கு, இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் என்ற வசதியால் பலன் எதுவும் இல்லை. கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கோ அதுதான் அவர்களுக்கு மூடும் நேரம்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. குரூப் 4 தேர்வு மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். தேர்வு எழுதப்போவது பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளி வகுப்பறையில். ஏசி இருக்காது, விசிறி ஓடினால் அதிர்ஷ்டம், ஆடும் பெஞ்சு கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. மாதக்கணக்கில் குளிர் அறையில் மட்டுமே படித்துப் பழகியவருக்கு அன்றைக்கு உடம்பே இடைஞ்சல் செய்யும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் இலவசமாக உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். போன் பேசினால் வெளியே அனுப்புகிறார்களா, போன் வைக்கப் பூட்டுப் பெட்டி இருக்கிறதா, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும், பெண்கள் பகுதி தனியா என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றால், முதல் மாதம் மட்டும் கட்டுங்கள்.

ஸ்டடி ஹால் பொருந்துவது: தேர்வு இரண்டு மூன்று மாதத்தில் இருந்து, வீடும் நூலகமும் கைகொடுக்காத நிலையில், நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் இருந்தால், வேலை முடிந்து இரவு மட்டுமே நேரம் உள்ளவர்களுக்கு.

## ரயில், பஸ்

கும்பகோணம், பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வருபவர்களுக்கு ரயில் பெட்டி ஒரு வாசிப்பறைதான், ஆனால் அரை வாசிப்பறை. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கிடைத்தது. கிடைக்காவிட்டால் நின்றபடி புதுப் பாடம் எடுக்க முடியாது. பெட்டியில் பேச்சுக்கும் குறைவிருக்காது.

இங்கே திரும்ப ஓட்டும் படிப்பை வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நேற்றுப் படித்ததை வரிசையாக மனசில் சொல்லிப் பாருங்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி இருவரும் நடத்திய சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். அதற்குப் பெரிய மேஜை வேண்டாம், கையளவு சீட்டுகள் போதும். ஓடும் பஸ்ஸில் படிப்பது பலருக்குத் தலைசுற்றும். அங்கே மனசில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## கோயில் மண்டபம், ஆற்றங்கரை

ஊருக்கு ஒரு பழைய கோயில் இருக்கும் பகுதி இது. பிராகாரத்தின் கருங்கல் தரை காலையில் குளிர்ச்சியாக இருக்கும், காற்றோட்டம் உண்டு, போன் எடுக்கவும் கூச்சம் வரும். ஆனால் பெரும்பாலான கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். பிரதோஷம், முகூர்த்த நாள் என்றால் கூட்டம். தரையில் ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்தால் முதுகு கேட்கும். ஆற்றங்கரை மனசுக்கு நல்லது. படிப்புக்கு அல்ல, படித்து முடித்துக் கொஞ்சம் நடக்க.

## ஒரே பார்வையில்

| | வீடு | பொது நூலகம் | ஸ்டடி ஹால் | ரயில் |
|---|---|---|---|---|
| எழுப்பிவிடும் அழைப்பு | அதிகம், பெண்களுக்கு மிக அதிகம் | கிட்டத்தட்ட இல்லை | நண்பர்களால் மட்டும் | இறங்கும் ஊர் |
| காதில் விழும் பேச்சு | நேரத்தைப் பொறுத்து | நாளிதழ் மேஜைப் பக்கம் | குறைவு | அதிகம் |
| போன் | அடுத்த அறையில் வைக்கலாம் | பையில் இருக்கும் | பூட்டுப் பெட்டி இருந்தால் நல்லது | கையிலேயே |
| உடம்பு | புழுக்கம், ஆனால் பழகியது | விசிறி, நல்ல மேஜை | ஏசி, மதியத் தூக்கம் | இடம் கிடைப்பதைப் பொறுத்து |
| செலவு | இல்லை | போய்வரும் நேரம் | கட்டணம், பஸ், டீ, நேரம் | ஏற்கெனவே கொடுத்தது |
| ஏற்ற படிப்பு | விடியலில் புதியது, மற்ற நேரம் பழையது | புதியது | புதியது, மாதிரித் தேர்வு | நினைவுகூர்தல் |

## இடம் முடிவானதும்: காகிதமா, திரையா?

பாடநூல்களை பி.டி.எஃப்.பாக இறக்கிப் போனில் படிப்பவர்கள் அதிகம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை, காகிதம். 2018-இல் டெல்காடோவும் குழுவினரும் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தகவல் நிறைந்த பகுதிகளைக் காகிதத்தில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள், நேரக் கெடு வைத்துப் படிக்கும்போது வித்தியாசம் இன்னும் கூடியது. கதை மட்டும் படிக்கும்போது அந்த வித்தியாசம் தென்படவில்லை. சுற்றறிக்கையும் பாடநூலும் முதல் வகைதான். ஆறு முதல் பத்து வரையுள்ள பழைய பள்ளிப் புத்தகங்கள் பக்கத்து வீடுகளில் கேட்டாலே கிடைக்கும். கிடைக்காத பாடத்தை மட்டும் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். போனில் படித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

## யாருக்கு எது

சின்னக் குழந்தையோடு வீட்டில் இருந்து படிக்கும் பெண்களுக்கு: வாரத்தில் மூன்று காலை, இரண்டரை மணி நேரம், நூலகம். குழந்தையை யார் பார்ப்பது என்பதைப் படிக்கும் நேரத்தில் கெஞ்சிக் கேட்காமல் வாரத் தொடக்கத்திலேயே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். மீதி நாள் வீட்டில் சீட்டுகளை வைத்து ஓட்டிப் பார்ப்பது மட்டும். தினமும் ஆறு மணி நேரம் அரைகுறையாகப் படிப்பதைவிட இந்த ஏழரை மணி நேரம் அதிகம் தரும் என்று உறுதியாகச் சொல்வேன். வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த மூன்று காலையும் உங்கள் பொறுப்பு.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு: வார நாளில் விடியலில் வீட்டில் ஒரு மணி நேரம், ரயிலில் நினைவுகூர்தல், ஞாயிறு காலை திறந்திருக்கும் நூலகம் என்றால் அங்கே மூன்று மணி நேரம். அலுவலகத்தில் படிக்க வேண்டிய கோப்பாக இருந்தால், மேஜையில் கூட்டம் சேர்வதற்கு முன் முதல் அரை மணி நேரத்தை அதற்கே ஒதுக்குங்கள். கவுண்டர் திறந்த பிறகு எந்த அறிக்கையும் மண்டையில் ஏறாது.

முழுநேரமாகத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு: முதலில் ஒரு மாதம் நூலகம். தினமும் ஒரு துண்டுத் தாளில், கண் புத்தகத்தை விட்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். பக்கத்திலேயே காரணத்தை ஓர் எழுத்தில் குறியுங்கள்: போன், பேச்சு, பசி, தூக்கம். கோடுகளில் பெரும்பகுதி போனுக்கு என்றால் இடம் மாற்றிப் பயனில்லை, ஸ்டடி ஹாலுக்கும் அதே போன்தான் வரும். நூலகம் மூடும் நேரம்தான் இடைஞ்சல் என்று தெரிந்தால் அப்போது பணம் கட்டுங்கள், அது நியாயமான செலவு.

உள்கிராமத்தில், நூலகமும் ஸ்டடி ஹாலும் தூரமாக இருப்பவர்களுக்கு: உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ, ஊராட்சித் தலைவரிடமோ, மாலையில் ஓர் அறையைத் திறந்து வைக்கக் கேளுங்கள். மூன்று நாலு பேர் சேர்ந்து கேட்டால் மறுப்பது கஷ்டம். சேர்ந்து உட்காருங்கள், ஆனால் முதல் ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம். மின் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் காலை முதல் மாலை வரை கரண்ட் நிறுத்துவார்கள் இல்லையா, அந்தத் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்கு வெளிச்சமான வராண்டாவுக்கு மாறிவிடுங்கள்.

ஒரு மாதத்துக்குள் தேர்வு உள்ளவர்களுக்கு: இப்போது இடம் மாற்ற வேண்டாம். பழகிய இடத்திலேயே தொடருங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும், காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை, ஏசி இல்லாத அறையில், போனை வீட்டில் விட்டுவிட்டு, 200 கேள்வி கொண்ட மாதிரித் தாளை ஒரே மூச்சில் எழுதிப் பழகுங்கள்.